கை தவறினால்

தன்வினை, பிறவினை என்று இலக்கணத்தில் இரண்டு உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். 'உடைந்தது' என்பது ஒன்று, 'உடைத்தான்' என்பது மற்றொன்று. கவிழ்ந்தது, கவிழ்த்தான், சாய்ந்தது, சாய்த்தான், அவிழ்ந்தது, அவிழ்த்தான். நகர ஒற்று இருந்த இடத்தில் தகர ஒற்று வந்து உட்காருகிறது. மாறுதல் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றெழுத்து மாறும்போது ஒரு மனிதனுடைய எண்ணம் வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மெல்லினமாக இருந்தவரையில் அது விபத்து. வல்லினம் ஆகிவிட்டால் அது செயல். சில சமயம் குற்றம்.

இந்த இலக்கணத்தை நாம் வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டு எஜமானியின் கையிலிருந்து பீங்கான் கோப்பை நழுவினால், "கோப்பை விழுந்து உடைந்துவிட்டது" என்கிறோம். அதே கோப்பை வேலைக்காரப் பெண்ணின் கையிலிருந்து நழுவினால், "கோப்பையை உடைத்துவிட்டாள்" என்கிறோம். விழுந்த உயரம் ஒன்று, தரையும் ஒன்று, நழுவுகிற சோப்பு நீரும் ஒன்றே. ஆனால் ஒருத்திக்குத் தன்வினை, இன்னொருத்திக்குப் பிறவினை. யார் கை தவறியது என்பதைப் பொறுத்து இலக்கணம் மாறிவிடுகிறது.

கை தவறுவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி சின்னக் கேள்வி அல்ல. அதை யோசித்துப் பார்க்கப் பீங்கான் கோப்பையைவிடப் பொருத்தமான சாமான் ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதில்லை. கதையிலும் சினிமாவிலும் மட்டும் ஓயாமல் பார்த்திருக்கிறோம். ரிவால்வரைத்தான் சொல்கிறேன். கதாநாயகன் வில்லனின் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டுவான். ரிவால்வர் தரையில் விழுந்து வழுக்கிக்கொண்டே போய் நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். எந்தக் கதையிலாவது அது விழுந்தவுடன் வெடித்ததுண்டா? வெடித்தால் கதை அங்கேயே முடிந்துபோகும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் வெடிக்க விடுவதில்லை. வாழ்க்கைக்கு அந்தக் கவலை கிடையாது.

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி விடியற்காலையில் மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தாவின் காலில் குண்டு பாய்ந்தது. சுட்டவர் யாருமில்லை. வெளியூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், உரிமம் பெற்ற தம்முடைய ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கை தவறிக் கீழே விழுந்து வெடித்துவிட்டது என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள். சில நாட்களில் வீடு திரும்பினார். எத்தனையோ படங்களில் எத்தனையோ துப்பாக்கிகளைக் கையாண்ட மனிதர். அவர் கைக்கும் அது தவறியிருக்கிறது.

அந்தச் செய்தி வந்த சமயத்தில் நான் பழவேற்காட்டுப் பக்கம் போயிருந்தேன். சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கும் இடம். இந்த நாட்டில் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரிய உப்பங்கழி இதுதான். இந்த ஊருக்கும் வெடிமருந்துக்கும் பழைய சம்பந்தம்கூட உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். அதே நூற்றாண்டில் இங்கே துப்பாக்கி மருந்து தயாரித்து பட்டேவியா வரைக்கும் கப்பலில் அனுப்பினார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் முட்புதரும்தான். டச்சுக் கல்லறைகளில் செதுக்கிய எழுத்து மட்டும் அழியாமல் நிற்கிறது.

டீக்கடை பெஞ்சியில் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் அந்த நடிகர் விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "கவனம் இல்லாத மனுஷன்" என்று ஓர் இளைஞர் சொன்னார். எனக்கும் அதில் ஆட்சேபம் தோன்றவில்லை. பக்கத்தில் வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே கேட்டார்:

"அது கெடக்கட்டும் சார். கீழ வுழுந்தா வெடிக்கிற சாமானை ஒருத்தன் எதுக்கு சார் செஞ்சான்?"

"ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித்தானே கொடுத்திருப்பார்கள், பெரியவரே?" என்றேன்.

"கை தவர்றது கையோட கொணம் சார். படகுல கத்தியக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கோம். பத்திரமா புடிடான்னு சொன்னா போதும்னா கயிறு எதுக்கு?"

அவர் அதற்கு மேல் பேசவில்லை. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு வலையைத் திருப்பினார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பழைய ரிவால்வர்களின் சரித்திரத்தைப் புரட்டினால், அவர் கேட்டதையே நூறு வருஷமாகப் பல நாட்டு மனிதர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, பதில் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ரிவால்வரின் வேலை எளிமையானது. சுழலும் ஓர் உருளையில் ஆறு துளைகள். துளைக்கு ஒரு தோட்டா. தோட்டாவின் அடியில், தட்டினால் தீப்பற்றும் மருந்து அடைத்த சிறு குமிழ் இருக்கிறது. பின்னால் ஒரு சுத்தி. நம்மவர்கள் அதைக் குதிரை என்பார்கள், நல்ல பெயர். குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, விரலால் விசையை அழுத்தினால், குதிரை பாய்ந்து குமிழைத் தட்டுகிறது. தோட்டா வெடிக்கிறது.

இனி, 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் குதிரைவீரர்கள் இடுப்பில் தொங்குவது அதுதான். அதன் குதிரையின் மூக்கிலேயே கூர்முனை இருந்தது. குதிரை சும்மா படுத்திருக்கும்போது அந்த முனை தோட்டாவின் குமிழ்மேலேயே சாய்ந்திருக்கும். ரிவால்வர் தரையில் குதிரைப் பக்கமாக விழுந்தால், விசை எதற்கு, விரல் எதற்கு? தரையே தட்டிவிடும். இதற்கு மாற்றாகக் குதிரையைச் சற்றே தூக்கி நிறுத்தி வைக்க ஒரு பல் வெட்டியிருந்தார்கள். பாதுகாப்புப் பல் என்று அதற்குப் பெயர். பெயர்தான் பாதுகாப்பு, பல் மெல்லியது. பலமாக விழுந்தால் பல் உடைந்து குதிரை பாய்ந்துவிடும்.

1876 ஜனவரி 9-ஆம் தேதி, கான்சாஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்ற ஊரில், வையட் ஏர்ப் என்ற போலீஸ்காரர் ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். பின்னாளில் துப்பாக்கி வீரத்துக்கே உதாரணமாகச் சொல்லப்பட்டவர் அவர். இடுப்பு உறையிலிருந்து ரிவால்வர் நழுவி விழுந்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துச் சுவரில் பட்டுக் கூரை வழியே போயிற்று. உள்ளூர்ப் பத்திரிகை அதை ஒரு வேடிக்கைச் செய்திபோல வெளியிட்டது. வீரருக்கும் நடிகருக்கும் நூற்று நாற்பத்தெட்டு வருஷ இடைவெளி. விழுந்த வேகம் ஒன்றே.

அந்தக் காலத்து மனிதர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஆறு துளையில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெறும் துளையின் மேல் குதிரையைப் படுக்க வைத்தார்கள். ஆறு குண்டு என்று சொல்லி விற்கப்பட்ட சாமானை ஐந்து குண்டாக மாற்றிக்கொண்டான், அதைச் சுமந்தவன். செய்தவன் விட்ட குறையைச் சுமந்தவன் தன் நஷ்டத்தில் சரிசெய்துகொண்டான். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. ஓட்டை பஸ்ஸில் தொங்குகிறவன் தன் கைப்பலத்தை நம்பியிருப்பதும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தியாவில் வைத்திருந்த வெப்லி ரிவால்வரின் பிடிக்குக் கீழே ஒரு சிறு வளையம் உண்டு. அதில் கயிற்றைக் கோத்துத் தோளிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்வார்கள். பழவேற்காட்டுப் பெரியவர் கத்தியில் கட்டிய அதே கயிறு! கை தவறும் என்பது செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு அந்த வளையம் ஒன்றே சாட்சி.

தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? செய்ய முடிந்ததைச் செய்யவும் செய்தார்கள், செய்ததைக் கழற்றி எறியவும் செய்தார்கள். இங்கிலாந்தின் என்ஃபீல்டு ரிவால்வரில் குதிரையைத் தடுத்து நிறுத்தும் ஒரு துண்டு இருந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1942-இல், வேகமாகவும் மலிவாகவும் செய்ய வேண்டும் என்று ஒரு புது மாதிரி கொண்டுவந்தார்கள். அதில் அந்தத் துண்டை விட்டுவிட்டார்கள். போர் முடிந்தபின், விழுந்தால் வெடிக்கும் என்று கண்டு, பெரும்பாலானவற்றைத் திரும்ப வாங்கி மறுபடி அந்தத் துண்டைப் பொருத்தினார்கள். ஒரு துண்டு இரும்பில் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார்களோ! மிச்சம் பிடித்தவர் ஒருவர். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவர் வேறொருவர். சிக்கனத்தின் லாபமும் அபாயமும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துகிற விஷயம்.

அதே போரில் அமெரிக்கக் கப்பற்படையில் இன்னொரு பாடம் கிடைத்தது. ஸ்மித் அண்டு வெஸன் ரிவால்வரில் தடுப்பு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது தன் இடத்துக்கு வர ஒரு மெல்லிய வில்லை நம்பியிருந்தது. துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய கொழுப்பு இறுகிப்போனால் வில் அசையாது. 1944-இல் கப்பலின் இரும்புத் தளத்தில் ஒரு ரிவால்வர் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். அதன்பின், வில்லை நம்பாமல், விசையோடு பிணைந்த உறுப்பே தடுப்பைக் கொண்டுவந்து நிறுத்தும்படி அமைப்பை மாற்றினார்கள். தடுப்பு ஒன்று இருக்கிறது என்று சொல்லித் தூங்கிவிட்டால் போதாது. அது இடத்தில் இருக்கிறதா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அன்று ஒரு மாலுமியின் உயிர் கேட்டது.

தடுப்பில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதல் வகையில் குதிரைக்கும் தோட்டாவுக்கும் நடுவில் ஒரு கட்டை நிற்கிறது. விசையை முழுதும் இழுத்தால் அது விலகுகிறது. அது மதில். இரண்டாவது வகையில் குதிரை எவ்வளவு வேகமாகப் பாய்ந்தாலும் சட்டத்தில்தான் மோதும், முனையைத் தொடாது. விசையை இழுத்தால் மட்டும் ஒரு சிறு உருக்குப் பட்டை மேலே ஏறி, குதிரையின் அடியை முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது பாலம். மதில் பழுதானால் ஆள் சாவான். பாலம் பழுதானால் துப்பாக்கி சுடாது, அவ்வளவுதான். ஒரு சாமான் என்றைக்காவது கெட்டுத்தான் போகும். கெடும்போது எந்தப் பக்கமாகக் கெட வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தவனைத்தான் நான் நல்ல தொழிலாளி என்பேன்.

இந்தப் பட்டையைத்தான் மொழியின் இலக்கணம் தெரிந்த இரும்பு என்று சொல்லத் தோன்றுகிறது. பழைய ரிவால்வருக்குத் தன்வினையும் பிறவினையும் ஒன்றே. விழுந்தாலும் வெடிக்கும், அழுத்தினாலும் வெடிக்கும். பட்டை வந்தபின், ஒரு விரல் வேண்டுமென்றே அழுத்தினால் ஒழிய அந்த அடி போய்ச் சேராது. 'விழுந்தது' வேறு, 'சுட்டான்' வேறு என்று யந்திரம் புரிந்துகொண்டது.

இந்தப் பட்டை நேற்று வந்த புதுமையா? இல்லை. அமெரிக்காவில் ஐவர் ஜான்சன் கம்பெனி இதை 1890-களிலேயே மலிவான ரிவால்வர்களில் வைத்து விற்றது. குதிரையைச் சுத்தியலால் அடித்தாலும் வெடிக்காது என்று விளம்பரமும் செய்தது. அதற்குப் பிறகும் பல பேர்பெற்ற கம்பெனிகள் பல்லாண்டுகள் பழைய வழியிலேயே செய்துகொண்டிருந்தன. ரூகர் என்ற கம்பெனி 1953 முதல் பழைய கோல்ட் மாதிரியைப் பின்பற்றி லட்சக்கணக்கில் செய்தது. 1973-இல்தான் பட்டையைச் சேர்த்தது. 1982-இலிருந்து பழைய ரிவால்வரை அனுப்பினால் இலவசமாகவே பட்டை பொருத்தி அனுப்புவதாக அறிவித்தது. அப்படியும் அனுப்பாதவர்கள் உண்டு. பழைய உறுப்புகளோடு இருந்தால்தான் மதிப்பு, விசை இழுக்கும் சுகம் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. சிரிக்காதீர்கள். தாத்தா காலத்து மின்கம்பியை மாற்றாமல், "அந்தக் காலத்து வேலை, அசைக்க முடியாது" என்று பெருமை பேசும் வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது: எல்லாவற்றையும் யந்திரமே பார்த்துக்கொண்டால் மனிதனுடைய ஜாக்கிரதை மழுங்கிப்போகாதா? போகலாம். அந்த ஐவர் ஜான்சன் கம்பெனியே 1904-இல் ஒரு விளம்பரம் வெளியிட்டது. படுக்கையில் ஒரு சிறு பெண் குழந்தை, பக்கத்தில் பொம்மை, கையில் ரிவால்வர். இது நம்மை ஒன்றும் செய்யாது என்று அப்பா சொன்னாராம்! பார்த்தால் வயிறு கலங்குகிறது. விழுந்தால் வெடிக்காத ரிவால்வர், குழந்தை விசையை இழுத்தால் வெடிக்கத்தான் செய்யும். விபத்தைத் தடுக்கும் பொருளை விஷமத்தையும் தடுப்பதாகச் சொல்லி விற்பது பெரிய பொய். ஆகவே பட்டை இருக்கிறது என்பதால் அலமாரிப் பூட்டு வேண்டாம் என்று ஆகாது. ஜாக்கிரதை வேண்டும். ஆனால் ஜாக்கிரதை என்பது மனிதனிடம் நாள் முழுதும் ஒரே அளவில் இருக்கும் சரக்கல்ல. தூக்கம், பசி, கவலை, முதுமை, இருட்டு எல்லாம் அதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. இரவெல்லாம் வலைபோட்டுத் திரும்பும் மீனவனிடம் விடியற்காலையில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

இரண்டாவது: எண்ணமே கெட்டதாக இருந்தால் பட்டை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. 1901-இல் அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லியைச் சுட்டுக் கொன்றது அதே ஐவர் ஜான்சன் ரிவால்வர்தான். விழுந்தால் வெடிக்காத, பாதுகாப்பு என்று பெயரிலேயே பொறித்த ரிவால்வர். அது தன் இலக்கணத்தை அன்றும் மீறவில்லை. விரல் வேண்டுமென்றே அழுத்திற்று, பாலம் ஏறிற்று. யந்திரம் மனிதனை நல்லவனாக்காது. அதனால் முடிந்தது ஒன்றே ஒன்று: கெட்ட எண்ணம் இல்லாதவனைக் கொலைகாரனாக்காமல் இருப்பது. அது சிறிய காரியமா?

நம் சட்டமும் எண்ணத்தையும் தற்செயலையும் பிரித்துப் பார்க்கிறது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, நியாயமான காரியத்தைத் தகுந்த கவனத்தோடு செய்யும்போது, கெட்ட எண்ணமின்றித் தற்செயலாக நேர்ந்தது குற்றமாகாது என்றது. அதற்கு ஓர் உதாரணமும் தந்தது: ஒருவன் கோடரியால் வேலை செய்துகொண்டிருக்கிறான், கோடரியின் தலை கழன்று பறந்து பக்கத்தில் நிற்பவனைக் கொல்கிறது. அவன் கவனமாக இருந்திருந்தால் குற்றவாளி அல்ல. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் அந்த உதாரணத்தில் விசாரிக்கப்படுகிறவன் கோடரி பிடித்தவன் மட்டுமே. காம்பு பொருத்தியவன் வரவேயில்லை. அவனையும் கூப்பிட்டு, அமைப்பிலேயே குறை வைத்தாயா என்று நஷ்டஈடு கேட்க வழி செய்தது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பெரியவர் வலை பின்னிக்கொண்டே கேட்ட கேள்வி சட்டப் புத்தகத்தில் ஏற அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

பழவேற்காட்டில் அந்தக் கேள்வி எழுந்ததில் ஆச்சரியமில்லை. அந்த ஜனங்கள் மனித சுபாவத்தை நம்பி மட்டும் காரியம் செய்கிறவர்கள் அல்ல. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்கள் சில. வலை வீசுகிறவர்கள் பலர். எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். "பேராசைப்படாதீர்கள்" என்று உபதேசம் செய்து பார்த்துவிட்டு, ஆசை தவறும்போது அடிதடி வரட்டும் என்று விட்டுவிடவில்லை. ஆசை வரும் என்று ஒப்புக்கொண்டு முன்னாலேயே ஒரு தடுப்பு வைத்தார்கள். அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனக்குறையும் வழக்கும் வேறு கதை. எந்த ஏற்பாடும் யாரை விட்டுவிட்டது என்று கேட்கப்படத்தான் வேண்டும். ஆயினும் ஏற்பாட்டின் உள்ளே இருக்கும் புத்தி நல்ல புத்தி.

அதே ஏரியின் அக்கரையில், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 2023 அக்டோபர் 21-ஆம் தேதி காலையில், ககன்யான் திட்டத்துக்காக ஒரு சோதனை ராக்கெட்டை ஏவ இருந்தார்கள். புறப்பட ஐந்து வினாடி இருக்கும்போது கணினி ஏதோ ஒழுங்கில்லை என்று கண்டு தானே நிறுத்திவிட்டது. காரணத்தைப் பார்த்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள். அந்த ராக்கெட் எதைச் சோதிக்கப் போயிற்று தெரியுமா? பயணத்தில் தவறு நேர்ந்தால் விண்வெளி வீரர்களைத் தப்புவிக்கும் ஏற்பாட்டை! தவறாது என்று சொல்லவில்லை. தவறினால் என்ன செய்வது என்று கோடிக்கணக்கில் செலவழித்துப் பார்க்கிறார்கள். அதுதான் நாகரிகம். நான் மனமார மெச்சுகிறேன்.

ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்துகிறார்கள். அதுவும் பாதுகாப்புக்குத்தான். ஆனால் அதே நீர்ப்பரப்பில், 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அளவுக்கு மேல் ஆளேற்றினார்கள், மிதவைச் சட்டை இல்லை என்று செய்திகள் கூறின. படகு கவிழ்ந்ததா, கவிழ்த்தார்களா? பிரயாணிகள் அசைந்தார்கள், படகோட்டி பணத்தாசை பிடித்தவன் என்று எவ்வளவோ பிறவினைகள் சொல்லலாம். ஒரு மிதவைச் சட்டை அந்தக் கேள்விகள் எதையும் கேட்காது. அது உடுத்தியவனை மேலே தூக்கிவிட்டு, யார் குற்றம் என்பதைக் கரைக்கு வந்தபின் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும்.

சிலர் கை தவறினால் தாங்கிக்கொள்ள எத்தனையோ ஏற்பாடுகள் இருக்கின்றன. சிலர் கை தவறினால் கீழே வெறும் தரைதான் இருக்கிறது. அவர்களுக்கு நாம் கொடுப்பது 'கவனம்' என்ற ஒரு சொல். சாக்கடைக்குள் இறங்குகிறவனிடம் கவனம் என்கிறோம். பட்டாசுக்கு மருந்து அடைக்கிற பெண்ணிடம் கவனம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குச் செலவில்லை. விபத்து நேர்ந்தால், "சொன்னோமே, கேட்டாயா?" என்று திரும்பிக்கொள்ளவும் அது உதவுகிறது. அறிவுரை மாதிரி தோன்றும் எத்தனையோ வாக்கியங்கள் உண்மையில் முன்கூட்டியே எழுதி வைத்த தீர்ப்புகள்.

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். இளவரசனின் தேர்க்காலில் கன்று விழுந்து இறந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று மந்திரிகள் வாதாடினார்கள், அரசன் ஏற்கவில்லை. தன் மகன்மீதே தேரை ஓட்டினான். அந்தத் தீர்ப்பைப் பற்றி நாம் காலங்காலமாகப் பேசிவருகிறோம். எனக்கோ அந்தக் கதையில் அரண்மனை வாயிலில் தொங்கிய மணிதான் கவனத்தைக் கவருகிறது. அவ்வளவு நீதிமானான அரசனும் தன்னுடைய விழிப்பை மட்டும் நம்பவில்லை. தான் தூங்கிவிடக்கூடும், தன் காதில் விழாமல் போகக்கூடும் என்று நினைத்துத்தான் ஒரு மணியைக் கட்டி, கயிற்றின் நுனியைத் தெருவில் போகிறவர்களுக்கு எட்டும்படி தொங்கவிட்டான். பசுவுக்கும் எட்டிற்று. கதையிலேயே பெரிய அறம் அந்தக் கயிறுதான்.

ஆனால் மணி, கன்று இறந்தபின் ஒலித்தது. அதைவிட முந்திக்கொள்ளும் அறம் ஒன்று வேண்டும். ரிவால்வருக்குள் இருக்கும் பட்டை யாருக்கும் தெரிவதில்லை. விழுந்து வெடிக்காத ஒரு ரிவால்வரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் செய்தி போடுவதில்லை. அதைக் குனிந்து எடுத்து, மேஜைமேல் வைத்துவிட்டு, மனிதன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். தான் தப்பியதுகூட அவனுக்குத் தெரியாது. என்றைக்கோ ஒரு பட்டறையில் முகம் தெரியாத ஒருவன், இன்னொருவனுடைய கை தவறும் என்று நினைத்து, அதற்காக அவனைத் திட்டாமல், ஒரு துண்டு இரும்பை அராவி வைத்ததன் பலன் அது.